வாவிக்கரையில் ஓர் ஆய்வு: விஞ்ஞான மாணவர் பாடத்தையும் ஆய்வையும் ஒன்றாக நடத்துவதற்கான வழிகாட்டி

இறுதியாண்டில் மூன்றாவது களப் பயணம் முடிந்த இரவு, மட்டக்களப்பு வாவியின் மூன்று இடங்களில் அளந்த கரைந்த ஒட்சிசன் பெறுமானங்களை ஒரு தாளில் வரைந்து பார்த்தபோதுதான் என் ஆய்வு பிழைத்துப் போயிருப்பது எனக்குத் தெரிந்தது. பாலமீன்மடு முகத்துவாரத்துக்கு அண்மையில் ஒட்சிசன் குறைவாகவும், நடு வாவியில் கூடுதலாகவும், வயல்நீர் வந்து விழும் வாய்க்கால் வாயில் எல்லாவற்றிலும் கூடுதலாகவும் இருந்தது. நான் எதிர்பார்த்திருந்ததற்கு இது நேர்மாறானது. காரணம் களக் குறிப்பேட்டிலேயே இருந்தது. முதலாவது இடத்தில் காலை ஆறரை மணிக்கும், இரண்டாவது இடத்தில் ஒன்பது மணிக்கும், மூன்றாவது இடத்தில் பதினொன்றரை மணிக்கும் நீர் அள்ளியிருந்தேன். மூன்று பயணங்களிலும் அதே ஒழுங்கு. வெயில் ஏற ஏற நீரிலுள்ள அல்காக்கள் ஒளித்தொகுப்பினால் ஒட்சிசனை வெளிவிடும். இரவில் சுவாசம் மட்டுமே நடப்பதால் விடியற்காலையில் அது குறைந்து கிடக்கும். ஆகவே இடத்தினால் வந்த வேறுபாடு எது, நேரத்தினால் வந்த வேறுபாடு எது என்று பிரித்தறிய எந்த வழியும் எனக்கு இருக்கவில்லை.

என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. இதே ஒளித்தொகுப்பைப் பற்றி இரண்டாம் ஆண்டுப் பரீட்சையில் விரிவாக எழுதி நல்ல புள்ளி பெற்றிருந்தேன். அறிவு இருந்தது, ஆனால் அது விடைத்தாளை விட்டு வாவிக்கரைக்கு வந்து சேரவில்லை. பாடத்தையும் ஆய்வையும் இரண்டு தனித்தனி வேலைகளாக நடத்தியதன் விளைவு அது என்றே இன்றும் கருதுகிறேன். கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள வந்தாறுமூலையிலோ, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அமைந்துள்ள சம்மாந்துறையிலோ படிக்க வரும் தம்பி தங்கையருக்கு இந்த இடைவெளியை முதலாம் ஆண்டிலிருந்தே எப்படி அடைப்பது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் வாவியைச் சுற்றியே வரும். எனக்குத் தெரிந்த ஆய்வு அதுதான். பௌதிகவியலோ கணிதமோ படிப்பவர்கள் தங்கள் துறைக்கேற்ப மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

முதற் படி: மணித்தியாலங்களையும் மொழியையும் கணக்கிடுதல்

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். விரிவுரை, செய்முறை, வாசிப்பு, பரீட்சைக்கான ஆயத்தம் எல்லாம் இதற்குள் அடங்கும். 120 கிரெடிட் கொண்ட நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 6000 மணித்தியாலங்கள் தேவை. ஆய்வுக்கு ஆறு கிரெடிட் என்றால் 300 மணித்தியாலங்கள். இந்தக் கணக்கைச் செமஸ்டரின் முதல் வாரத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். 300 மணித்தியாலம் என்பது வாரத்துக்குப் பத்து மணித்தியாலமாக முப்பது வாரங்கள். அதைக் கடைசி ஆறு வாரங்களுக்குள் அடக்கப் பார்ப்பவர் வாரத்துக்கு 50 மணித்தியாலம் வேலை செய்தாக வேண்டும், அதுவும் மற்றப் பாடங்களைத் தொடாமல்.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உயர்தரம் வரை தமிழில் விஞ்ஞானம் படித்துவிட்டு வரும் நம்மில் பலருக்கு, ஆங்கிலத்தில் நடக்கும் முதல் விரிவுரையிலேயே தெரிந்த விடயம்கூடத் தெரியாததுபோல் தோன்றும். அது அறிவின் குறை அன்று. பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நியமிப்பு (titration), அளவி (burette), குழாயி (pipette), ஒட்சியேற்றம் (oxidation), பிரசாரணம் (osmosis) ஆகியவற்றை நாம் பொருள் விளங்கியே படித்திருக்கிறோம். ஆகவே ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு நாளும் விரிவுரையில் வந்த புதிய ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே நம் பாடநூலில் படித்த தமிழ்ச் சொல்லை எழுதி வாருங்கள். தமிழ்ச் சொல் கிடைக்காதபோது அந்தக் கருத்தை இரண்டு வரியில் தமிழில் விளக்கி எழுதுங்கள். விளக்க முடியாமல் பேனை நிற்கும் இடம்தான் உங்களுக்கு விளங்காத இடம். மறுநாள் விரிவுரையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்பித்தவர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திலும் உழைத்தவர். இரு மொழிகளிலும் விஞ்ஞானத்தைச் சிந்திப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று.

இரண்டாம் படி: செய்முறை வகுப்பை ஆய்வாக நடத்துதல்

செய்முறை வகுப்பில் சரியான விடை பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். அதனால் சென்ற ஆண்டு மாணவரின் பதிவேட்டைப் பார்த்து, வர வேண்டிய பெறுமானத்துக்கு அளவீடுகளைச் "சரிசெய்யும்" பழக்கம் பல இடங்களில் உண்டு. இதைவிட ஆய்வுக்குக் கேடான பழக்கம் வேறு இல்லை. இறுதியாண்டில் பார்த்தெழுதப் பதிவேடும் இருக்காது, முன்கூட்டித் தெரிந்த விடையும் இருக்காது. தன் அளவீட்டை நம்பக் கற்காதவர் அன்று நிலைகுலைந்து போவார்.

மாற்றாக, ஒவ்வொரு செய்முறையிலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். என் அளவீடு எவ்வளவு துல்லியமானது? இதே அளவீட்டை மூன்று தடவை செய்தால் எவ்வளவு மாறுகிறது? மாற்றம் எங்கிருந்து வருகிறது? 50 மில்லிலீற்றர் அளவியில் மிகச் சிறிய பிரிவு 0.1 மில்லிலீற்றர், கண்மட்டத்தில் வைத்துக் கவனமாக வாசித்தால் 0.05 வரை சொல்லலாம். அப்படியிருக்க 12.3478 என்று கணிப்பான் தந்த எண்ணை அப்படியே எழுதுவது பொய் சொல்வதற்கு ஒப்பாகும். பீ.எச். மானியைத் தாங்கற் கரைசல்களால் அளவுதிருத்தாமல் தொடக்கூடாது; வெறுமைக் கரைசல் (blank) இல்லாமல் நிறமானியில் எதையும் அளக்கக்கூடாது. இவற்றை முதலாம் ஆண்டிலேயே கைப்பழக்கமாக்கிக்கொண்டவருக்கு நான்காம் ஆண்டில் பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாம் படி: கேள்வியைச் சிறிதாக்குதல்

"மட்டக்களப்பு வாவியின் நீர்த்தரம்" என்பது கேள்வி அன்று, தலைப்பு. வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டங்களையும் தொட்டுக் கிடக்கிறது. ஒரு மாணவர் ஒரு வருடத்தில் அதை அளந்து முடிக்க இயலாது. "பெரும்போக வயல்களுக்கு முதல் உரம் இட்டபின் வரும் முதற் பெருமழையைத் தொடர்ந்து, குறித்த ஒரு வாய்க்கால் வாயில் பொசுபேற்றுச் செறிவு உயர்கிறதா? உயர்ந்தால் எத்தனை நாட்களில் பழைய நிலைக்குத் திரும்புகிறது?" என்பது கேள்வி. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடை வரக்கூடும். எந்த விடை வந்தாலும் அது பயனுள்ளது.

கேள்வி எழுதியபின் அதைக் காலத்தோடு பொருத்த வேண்டும். நமது பகுதிக்கு மழையின் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வருகிறது. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் இறங்கி, முகத்துவாரம் வெட்டுண்டு, வாவியின் பல இடங்கள் ஏறத்தாழ நன்னீராகிவிடும்; கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் நீர் வற்றி உவர்ப்பு ஏறும். ஆடி மாதத்தில் அனுமதி பெற்று மாசி மாதத்தில் அறிக்கை கொடுக்க வேண்டிய மாணவர், வருடம் முழுவதற்குமான பருவ மாற்றத்தை ஆராய்வேன் என்று முன்மொழிவில் எழுதினால் அது நிறைவேறாது. இயற்கையின் நாட்காட்டியையும் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மேற்பார்வையாளரிடம் வெறுங்கையோடு போகாமல் இந்தக் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். என்ன உபகரணம் இருக்கிறது, எந்த இரசாயனம் எப்போது முடிவடையும், வாகனச் செலவுக்கு வழி என்ன என்பவற்றை அந்த முதற் சந்திப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது. கூச்சப்பட்டுப் பிற்போட்டால் களத்துக்குப் போக வேண்டிய காலையில்தான் அந்தக் கேள்விகள் எழும்.

நான்காம் படி: வாசித்தல்

கட்டுரை ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கத் தொடங்கினால் மூன்றாவது பக்கத்தில் சலித்துவிடும். முதலில் சுருக்கம், பிறகு படங்களும் அட்டவணைகளும், பிறகு முறையியல். இவற்றை வாசித்தபின் கட்டுரையாளர் என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்று நீங்களே ஊகித்து எழுதிவிட்டு, அதன் பிறகு முடிவுப் பகுதியைப் படியுங்கள். இலங்கைச் சஞ்சிகைகள் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் கட்டினால் மட்டுமே திறக்கும் கட்டுரை தேவைப்பட்டால், அதை எழுதியவருக்கே பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பலர் மகிழ்ச்சியோடு அனுப்பி வைப்பார்கள். வாசித்த ஒவ்வொன்றையும் சொட்டெரோ (Zotero) போன்ற, உசாத்துணைகளைச் சேமிக்கும் இலவச மென்பொருளில் அன்றே பதிந்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: மாதிரி எடுப்பைத் திட்டமிடல்

என் ஆய்வு பிழைத்த இடம் இதுவாகையால் இங்கே நின்று பேசுகிறேன்.

அந்த மூன்று பயணங்களின் தரவுகளையும் ஒதுக்கிவிட்டு மறுபடி வாவிக்கரைக்குப் போனபோது, எங்களைத் தோணியில் ஏற்றிச் சென்ற மீனவ மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வலையைத் தட்டிக்கொண்டே, "விடியச்சாமத்துத் தண்ணி வேற, மத்தியானத் தண்ணி வேற புள்ள. மறுகா எப்படி ரெண்டையும் ஒண்டா வைச்சுப் பாக்கிற?" என்று கேட்டார். விடியற்காலையில் மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை அவர் சிறு வயதிலிருந்தே பார்த்து வந்தவர். ஒட்சிசன் குறைவு என்ற சொல் அவருக்குத் தேவைப்படவில்லை. முன்மொழிவு எழுதுவதற்கு முன்பே அவரோடு ஒரு மணித்தியாலம் இருந்து பேசியிருந்தால் மூன்று பயணங்கள் வீணாகியிருக்கமாட்டா. ஆகவே என் முதல் அறிவுரை இது: திட்டத்தை எழுதுமுன் அந்த இடத்தில் தொழில் செய்பவரிடம் போய்க் கேளுங்கள்.

இரண்டாவது அறிவுரை, ஒப்பிட விரும்பும் காரணியைத் தவிர மற்றவை ஒன்றாக இருக்கட்டும். நாங்கள் பிறகு செய்தது இதுதான். இரண்டு தோழியரும் நானும் மூன்று இடங்களிலும் ஒரே நேரத்தில், காலை ஆறுக்கும் ஆறரைக்கும் இடையில் நீர் எடுத்தோம். ஆள் மாறினால் கைப்பழக்கமும் மாறும் என்பதால், ஒவ்வொரு பயணத்திலும் இடங்களை எங்களுக்குள் மாற்றிக்கொண்டோம். தனியாகவே போக வேண்டியவர், முதற் பயணத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்றும், அடுத்ததில் இரண்டு, மூன்று, ஒன்று என்றும், அதற்கடுத்ததில் மூன்று, ஒன்று, இரண்டு என்றும் இடங்களின் ஒழுங்கைச் சுழற்றலாம். அப்போது ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு நேரத்திலும் ஒரு தடவை வந்துவிடும்.

மூன்றாவது, மீள்மாதிரி என்பதன் பொருளை விளங்கிக்கொள்ளுங்கள். ஒரே வாளியில் அள்ளிய நீரை மூன்று போத்தல்களில் ஊற்றினால் அவை மூன்று மாதிரிகள் ஆகா; அவை ஒரே மாதிரியை மூன்று தடவை அளப்பது மட்டுமே. அவற்றின் வேறுபாடு உங்கள் கையையும் கருவியையும் பற்றிச் சொல்லும், வாவியைப் பற்றி எதுவும் சொல்லாது. சூழலியலில் பரவலாக நடக்கும் இந்தத் தவறுக்கு 1984இல் ஸ்டூவர்ட் ஹேர்ல்பேர்ட் தனிப்பெயர் இட்டு எழுதியபின் அது எல்லோருடைய கண்ணிலும் பட்டது. இருந்தும் இன்றைய மாணவர் அறிக்கைகளில் அது தொடர்கிறது. ஒரே இடத்திலேயே சில மீற்றர் தள்ளித் தள்ளித் தனித்தனியாக அள்ளுங்கள். வெவ்வேறு நாட்களிலும் அள்ளுங்கள்.

ஆறாம் படி: களத்திலும் ஆய்வுகூடத்திலும்

போத்தல்களை முன்நாளே பத்து வீத ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சிவடித்த நீரால் பல தடவை அலசி எடுக்க வேண்டும். பொசுபேற்று அளக்கப்போகிறவர் சவர்க்காரத் தூளால் போத்தல் கழுவக்கூடாது. அதில் பொசுபேற்று இருக்கக்கூடும். பேரும் நேரமும் எழுதிய சிட்டையைப் போத்தலின் உடலில் ஒட்டுங்கள், மூடியில் ஒட்டினால் மூடி மாறும்போது மாதிரியும் மாறிவிடும். மீன் விற்பவர்கள் பாவிக்கும் றெஜிபோம் பெட்டியும் ஐஸும் மாதிரிகளைக் குளிர்ச்சியாகக் கொண்டுவரப் போதும்.

கரைந்த ஒட்சிசனை அளக்க மின்மானி இருந்தாலும், வின்க்ளர் முறையை ஒரு தடவையேனும் கையால் செய்து பாருங்கள் என்று வலியுறுத்துவேன். 1888இல் லாயோஸ் வின்க்ளர் வகுத்த முறை அது. மானி காட்டுவது சரியா என்று பார்க்க இன்றும் உதவுகிறது. 300 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தலை நீருக்கடியில் மெதுவாகச் சரித்து, ஒரு குமிழிகூட உள்ளே நிற்காமல் நிரப்ப வேண்டும். அதனுள் மங்கனீசு சல்பேற்றுக் கரைசலில் ஒரு மில்லிலீற்றரும், ஏசைட்டு (azide) சேர்ந்த கார அயடைட்டுக் கரைசலில் ஒரு மில்லிலீற்றரும், குழாயியின் நுனி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கத்தக்கதாக விட வேண்டும். மூடித் தலைகீழாகத் திருப்பித் திருப்பி ஆட்டும்போது, ஒட்சிசன் இருந்தால் கபில நிற வீழ்படிவு பஞ்சுபோல் திரண்டு கீழே இறங்கும். ஒட்சிசனே இல்லையென்றால் அது வெள்ளையாகவே இருக்கும். முதற் தடவை அந்தக் கபில நிறம் எழுவதை தோணியில் இருந்தபடி பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு கைக்குள் வந்து அகப்பட்டதாகவே உணர்ந்தேன்.

வீழ்படிவு படிந்தபின் ஒரு மில்லிலீற்றர் செறிந்த சல்பூரிக் அமிலம் சேர்த்தால் அது கரைந்து, அயடீன் விடுபட்டுத் தேநீர் நிறம் வரும். சில மணித்தியாலங்களுக்குள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, 200 மில்லிலீற்றர் எடுத்து 0.025 மோலர் சோடியம் தயோசல்பேற்றால் நியமிக்க வேண்டும். நிறம் வெளிறி வைக்கோல் மஞ்சளுக்கு வந்தபின்னரே மாப்பொருள் காட்டியைச் சேர்க்க வேண்டும். முந்திச் சேர்த்தால் அயடீன் மாப்பொருளோடு இறுகப் பிணைந்து முடிவுப் புள்ளி பிந்தும். கடும் நீலம் ஒரே துளியில் மறையும் கணத்தில் அளவியை மூடுங்கள். இந்தச் செறிவிலும் கனவளவிலும் செலவான ஒவ்வொரு மில்லிலீற்றரும் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் ஒட்சிசனைக் குறிப்பதால் கணக்கு மிக எளிது. ஏசைட்டு நஞ்சு, அதைச் சேர்ந்த கழிவுகளைத் தொட்டியில் ஊற்றாமல் ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.

வெப்பநிலையையும் உவர்ப்பையும் அதே நேரத்தில் அளக்க மறக்கக்கூடாது. 30 பாகை செல்சியசில் நன்னீர் வளியிலிருந்து ஏறத்தாழ 7.6 மில்லிகிராம் ஒட்சிசனையே லீற்றரில் கரைத்து வைத்திருக்கும்; கடல்நீர் அதே வெப்பநிலையில் ஏறத்தாழ 6.2 மட்டுமே. ஆகவே முகத்துவாரத்தையும் உள் வாவியையும் ஒப்பிடுகிறவர் வெறும் மில்லிகிராமில் ஒப்பிட்டால் உப்பின் விளைவை மாசின் விளைவாக எண்ணிவிடுவார். அந்த வெப்பநிலையிலும் உவர்ப்பிலும் நீர் கரைத்து வைத்திருக்கக்கூடிய ஒட்சிசனில் எத்தனை வீதம் இருக்கிறது என்னும் நிரம்பல் வீதத்தையும் கணித்துக் காட்ட வேண்டும்.

குறிப்பேடு தைத்த கொப்பியாக இருக்கட்டும், தனித்தாள் வேண்டாம். பேனையால் எழுதுங்கள், பிழைத்தால் ஒரே கோட்டால் வெட்டி அருகில் சரியானதை எழுதுங்கள். மேகம், காற்று, முந்திய நாள் மழை, பக்கத்தில் மாடு குளித்தது, வள்ளம் போனது எல்லாவற்றையும் எழுதுங்கள். என் பிழையை நான் கண்டுபிடித்ததே, எதற்கென்று தெரியாமல் ஓரத்தில் குறித்து வைத்த மணிநேரத்தால்தான்.

ஏழாம் படி: தரவும் எழுத்தும்

தரவுகளை அன்றே கணினியில் பதிந்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். எதையும் கணிக்குமுன் ஒவ்வொரு புள்ளியையும் வரைந்து பாருங்கள். சராசரி மறைப்பதைப் படம் காட்டும். ஒரு புள்ளி தனித்து விலகி நின்றால் அதை அழிக்காமல் குறிப்பேட்டைப் புரட்டுங்கள். போத்தலில் குமிழி இருந்தது என்று அன்று எழுதியிருந்தால் நீக்கலாம், நீக்கியதை அறிக்கையிலும் சொல்ல வேண்டும்; காரணம் எதுவும் இல்லையென்றால் அது நிற்கட்டும். இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளிவிபரவியல் மென்பொருளை மூன்றாம் ஆண்டிலேயே, செய்முறைத் தரவுகளை வைத்துப் பழகிக்கொள்வது நல்லது.

எழுதும்போது முறையியலில் தொடங்குங்கள், அது நீங்கள் செய்தது, கற்பனை தேவையில்லை. பிறகு முடிவுகள், பிறகு கலந்துரையாடல். அறிமுகமும் சுருக்கமும் கடைசியில். ஆங்கிலத்தில் வாக்கியம் ஓடாதபோது அந்தப் பந்தியில் சொல்ல வருவதை வீட்டில் அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். அம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்த பந்தியை மட்டுமே என்னால் ஆங்கிலத்தில் எழுத முடிந்தது. வேறொருவரின் வாக்கியத்தையோ, கணினி எழுதித் தந்த பந்தியையோ உங்களுடையதாக வைத்துவிட்டால், வாய்மொழிப் பரீட்சையில் வரும் முதலாவது "ஏன்?" என்ற கேள்விக்கே பதில் இருக்காது.

இறுதியாண்டிலும் மற்றப் பாடங்கள் நின்றுவிடமாட்டா. களத்துக்குப் போகும் வாரத்தில் புதிய பாடம் படிக்க முயலாமல் கடந்தகால வினாத்தாள்களை மட்டும் செய்வதும், நியமிப்புக்கு இடையில் காத்திருக்கும் நேரத்தில் விரிவுரைக் குறிப்பைப் புரட்டுவதும் எனக்கு உதவின. ஆய்வில் தொட்ட விடயம் பரீட்சையில் வரும்போது, மனனம் செய்யாமலே எழுத முடிந்தது.

அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டபின் ஒரு வேலை மீதம் இருக்கும். மூலத் தரவுகளையும், மாதிரி எடுத்த இடங்களின் அகலாங்கு நெட்டாங்கையும், நேரங்களையும், ஒதுக்கிவைத்த அந்த மூன்று பயணங்களின் பெறுமானங்களையும் ஒரே கோப்பில் இட்டு, அடுத்த பிரிவு மாணவருக்காகத் துறையில் கொடுத்துவிட்டு வாருங்கள். முடிவுகளைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி, தோணி தந்தவரிடமும் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் கொடுத்த பக்கத்தை அந்த மாமா தன் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்ப ராவையில எவ்வளவு இருக்கும் புள்ள?" என்று கேட்டார். இரவு பன்னிரண்டு மணிக்கு நாங்கள் ஒரு தடவையும் அளக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கோப்பின் முதற் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.